மைனி எடுத்த அளவு

பட்டையில் காற்று ஏறும்போது அந்தப் பிரஷர் மெஷினுக்குள்ளிருந்து ஒரு சின்ன உறுமல் வரும். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில், சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில் இடது கையை நீட்டி வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார். அந்த உறுமல் அடங்குகிற வரைக்கும் வீட்டில் யாரும் பேசக்கூடாது. அண்ணன் டிவியை அணைத்துவிட வேண்டும். அடுக்களையில் மிக்சி ஓடக்கூடாது. வாசலில் மீன்காரர் வந்து ஹாரன் அடித்தாலும் அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். பள்ளிக்கூடம் போவதற்குச் சேலை உடுத்தித் தயாராக, அப்பாவுக்கு எதிரே ஒரு விரலை உதட்டில் வைத்தபடி மைனி நிற்பாள். பன்னிரண்டாம் வகுப்பை அடக்கிவைத்த அந்த விரலுக்கு எழுபது வயது ஹார்டுவேர் கடைக்காரரும் அடங்கித்தான் போனார்.

மைனி என்பது என் அண்ணனின் மனைவி. எங்கள் ஊரில் அண்ணன் பெண்டாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அம்மை இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நானும் அப்பாவும் அண்ணனும் எங்கள் இஷ்டத்துக்குச் சமைத்து, இஷ்டத்துக்குத் தின்று, கிடைத்த இடத்தில் துணியைப் போட்டு வாழ்ந்துகொண்டிருந்த வீடு அது. மைனி அரசு உதவி பெறும் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. அரிசிக்கு ஒரு அளவு, பருப்புக்கு ஒரு அளவு, தண்ணீர் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதற்கு ஒரு கணக்கு. எனக்கு அவளைப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் தூரத்திலிருந்து பிடிக்கும். அவளும் என்னிடம் அளவாகத்தான் பேசுவாள். நான் கல்யாணமாகித் திருவட்டாறு பக்கம் போனபோது கட்டிப்பிடித்து அழுதது அண்ணன்தான். மைனி என் பெட்டியைத் திறந்து, வைத்ததெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரஷர் மெஷின் வீட்டுக்கு வந்த கதை அப்பாவின் தலைசுற்றலில் தொடங்குகிறது. அப்பாவுக்குப் பல வருஷமாக இரத்த அழுத்தம் உண்டு, மாத்திரையும் உண்டு. அவர் பார்க்கும் டாக்டரின் கிளினிக் மாடியில் இருந்தது. அப்பா படி ஏறி, மூச்சு வாங்கி, வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்த்து, அந்த நிலையில் கையை நீட்டுவார். ஒவ்வொரு தடவையும் அளவு கூடுதலாகத்தான் இருக்கும். டாக்டரும் கண்ணால் கண்ட அளவை வைத்து மருந்தைக் கூட்டிக் கொடுத்தார். அப்படிக் கூட்டிய சில நாளில் அப்பா குளித்துவிட்டுக் குளிமுறியிலிருந்து வெளியே வரும்போது கண் இருட்டிச் சுவரோடு சரிந்துவிட்டார். பெரிய காயமில்லை. ஆனால் மைனி அன்று சாயங்காலம் முழுக்க யோசனையிலேயே இருந்தாளாம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கையில் மெஷின் இருந்தது.

"வீட்டையே ஆஸ்பத்திரி ஆக்கிப்போட்டா" என்று அப்பா என்னிடம் ஃபோனில் புலம்பினார். அவருடைய புலம்பலில் நியாயம் இருந்தது. மைனி அவரைச் சும்மா உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றிவிடவில்லை. முதலில் மெஷினைத் தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் போய், அவருடைய பாதரச மெஷினிலும் தன்னுடையதிலும் அடுத்தடுத்துப் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் காட்டுகின்றனவா என்று உறுதி செய்துகொண்டாள். டாக்டர் சிரித்தாராம். பிறகு அவரே எப்படிப் பார்க்க வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அது சட்டமாகிவிட்டது. டீ குடித்த சூட்டோடு பார்க்கக்கூடாது, அரை மணி நேரம் போக வேண்டும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு உட்காரக்கூடாது. முதுகு நாற்காலியில் சாய்ந்திருக்க வேண்டும், பாதம் இரண்டும் தரையில் பட வேண்டும், கால்மேல் கால் போடக்கூடாது. கை நெஞ்சு மட்டத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்றினால் அது சட்டைக்குப் பார்த்த பிரஷர்தான் என்பாள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஐந்து நிமிஷம் சும்மா இருக்க வேண்டும். அப்பாவுக்கு அதுதான் ஆகாத காரியம். கம்பி விலை, சிமெண்டு விலை, பக்கத்துக் கடைக்காரர் வாங்கிய கடன் என்று வாய் ஓடிக்கொண்டே இருக்கும்.

"மாமா, பேசாதீங்க. பேசினா கூடும்."

"நான் எங்க பேசுகேன் பிள்ளே, சும்மா சொல்லுகேன்."

மைனி ஒருநாள் அவரைப் பேசவிட்டே பார்த்தாள். பிறகு பேசாமல் இருக்கச் சொல்லிப் பார்த்தாள். இரண்டு எண்ணையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அன்றைக்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். கடை வியாபாரி அல்லவா, இரண்டு தராசு இரண்டு எடை காட்டினால் எங்கே தப்பு என்று பார்க்கத் தெரிந்தவர். மேலே உள்ள எண் என்ன, கீழே உள்ளது என்ன என்று அவர் கேட்டபோது, "நெஞ்சு ரத்தத்தை அமுக்கித் தள்ளும்போது குழாய்ல உள்ள அழுத்தம் மேல உள்ளது. அது விட்டு ஓய்வெடுக்கும்போதும் குழாய்ல மிச்சம் நிக்குத அழுத்தம் கீழ உள்ளது" என்று மைனி சொன்னாள். குழாய் விற்றவருக்கு அது சட்டென்று புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் அதை விளக்க ஆரம்பித்தார்.

மைனி ஒரு தடவை பார்த்து எழுந்துவிடுவதில்லை. ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் பார்ப்பாள். "ஒரு ரீடிங் ரீடிங்கே இல்ல" என்பது அவள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லிப் பழகியது. ஒரு வாரம் காலையும் மாலையும் இப்படிப் பார்த்ததை டாக்டரிடம் கொண்டு காட்டினாள். வீட்டில் அப்பாவின் அளவு நன்றாகவே இருந்தது, சில நாள் குறைவாகக்கூட இருந்தது. டாக்டர் சந்தோஷமாக மருந்தைக் குறைத்தார். அப்பாவின் தலைசுற்றல் நின்றது. "இது மட்டும் எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா நல்லாருந்திருக்கும்மா" என்று டாக்டர் சொன்னதை மைனி எங்களிடம் சொல்லவில்லை, அப்பாதான் சொன்னார்.

நான் கர்ப்பமாகி மூன்றாம் மாதம் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது மைனி எனக்கும் பார்த்தாள். எண் கூடுதலாக இருந்தது. மைனி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பட்டையைப் பார்த்தாள். அதில் போட்டிருந்த கோட்டுக்கும் என் கைக்கும் சம்பந்தமே இல்லை. பட்டை முழுசாகச் சுற்றி வராமல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அப்பாக்க கைக்கு வாங்கினது இது. உன் கைக்குச் சின்னது. பட்டை சின்னதா இருந்தா அளவு கூடுதலாத்தான் காட்டும்" என்றாள்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலேயே என் கைத்தடிமனைப் பற்றி ஊரில் ஆளாளுக்குச் சொல்லியிருந்தார்கள், இப்போது இவளுமா என்றிருந்தது. மறுநாள் அவள் மருந்துக்கடை மருந்துக்கடையாக ஏறி இறங்கிப் பெரிய பட்டை ஒன்று வாங்கி வந்தாள். அதைச் சுற்றிப் பார்த்தபோது என் அளவு ஒழுங்காக இருந்தது. கைத்தடிமனைப் பேச்சோடு விட்டுவிடாமல் அதற்கேற்ற பட்டையைத் தேடி வாங்கி வந்தவள் அவள் ஒருத்திதான் என்பது கோபம் ஆறிய பிறகு எனக்கு உறைத்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. என் மாமியார் வீடு திருவட்டாறிலிருந்து உள்ளே போக வேண்டும். ரப்பர் தோட்டத்துக்கு நடுவே பழைய ஓட்டு வீடு, முன்னால் பந்தல். என் வீட்டுக்காரர் அப்போது துபாயில் இருந்தார். லீவு கிடைக்கவில்லை, பிரசவத்துக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அன்று விசேஷம் முடிந்து என்னைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அப்பா, அண்ணன், மைனி மூவரும் சீர்த்தட்டுகளோடு காலையிலேயே வந்துவிட்டார்கள். அப்பாவுக்காக மெஷினும் கூடவே வந்தது. வெளியூர் போனால் அவள் அதை விட்டுவிட்டு வரமாட்டாள்.

மாமியார் பாவம், யாரிடமும் ஓங்கிப் பேசாதவர். அந்த வீட்டில் எதையும் முடிவு செய்வது அவருடைய மூத்தார் மனைவி, அதாவது என் மாமனாரின் அண்ணன் மனைவி, எங்களுக்குப் பெரியம்மை. எந்தக் கறியில் உப்பு, யார் முதலில் சந்தனம் பூசுவது, எந்த உறவுக்கு எந்த நாற்காலி எல்லாம் பெரியம்மைதான். வளையல் போட ஒவ்வொரு பெண்ணாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மைனியைக் கூப்பிடவில்லை. கல்யாணமாகி ஏழெட்டு வருஷமாகியும் மைனிக்குக் குழந்தை இல்லை. ஏன் கூப்பிடவில்லை என்று எல்லாருக்கும் புரிந்தது, மைனிக்கும் புரிந்தது. அவள் சீர்த்தட்டுகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, கவிழ்ந்து கிடந்த ஆரஞ்சுப் பழங்களை நிமிர்த்தி அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன். எனக்கு அன்று எதையும் யோசிக்கிற நிலை இல்லை. இரண்டு நாளாகத் தலை விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வீடு நிறைய ஆள், உறக்கம் இல்லை, அதனால் என்று நினைத்தேன். கண்ணை மூடித் திறந்தால் ஓரத்தில் சின்னச்சின்ன வெளிச்சப் பொட்டுகள் பறந்தன. அதையும் பந்தலில் கட்டிய சீரியல் பல்புகளோடு சேர்த்துவிட்டேன். முந்தின செக்கப்பில் எல்லாம் சரியாக இருந்ததால் சந்தேகப்படவும் தோன்றவில்லை.

முதல் வளையல் என் கையில் ஏறவில்லை. இரண்டாவதை மாமியார் அழுத்தி ஏற்றப் பார்த்தார், விரல் முட்டியில் நின்றது. மூன்றாவது படக்கென்று உடைந்தது. பெண்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "எண்ணெ கொண்டாங்க" என்றது ஒரு குரல். "பிள்ளைக்க அளவுக்கு வாங்காண்டாமா" என்றது இன்னொன்று. வளையல் வாங்கியது மைனி. அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

பிறகு நடந்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். கூப்பிடாத இடத்துக்கு வருகிறோமே என்ற தயக்கம் கொஞ்சமும் இல்லை. என் கையைப் பிடித்துப் புறங்கையில் பெருவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் பள்ளமாகவே இருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே பார்த்தாள்.

"தல வலிக்கா?"

"ரெண்டு நாளா லேசா…"

"கண்ணுல ஏதாவது பறக்கா?"

நான் தலையாட்டினேன். "எந்திரி" என்றாள்.

உள்ளறையில் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். அவள் பதறியிருந்தால் எனக்கும் பதற்றம் வந்திருக்கும். அவள் ஒவ்வொன்றையும் அப்பாவுக்குச் செய்கிற மாதிரியே செய்தாள். முதலில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னாள். முதுகு சாய நாற்காலி இழுத்துப் போட்டாள். பட்டு ஜாக்கெட்டின் கை இறுக்கமாக இருந்ததால் கொக்கிகளைக் கழற்றி ஒரு கையை வெளியே எடுத்து, மேலே சேலையைப் போர்த்தினாள். வெளியே ஒலிபெருக்கியில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது. ஜன்னலைத் திறந்து அண்ணனைக் கூப்பிட்டு, அதை நிறுத்தச் சொன்னாள். பிறகு என் எதிரே கட்டிலில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம். வெளியே நூறு பேர் பந்தியை எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள், அடைப்பிரதமன் பாயசத்தின் மணம் வருகிறது, பெரியம்மை கதவைத் தட்டுகிறார். மைனி ஒரு கையை உயர்த்தி, என்னைப் பார்த்துப் பேசாதே என்று மட்டும் காட்டினாள். அவசரம் என்று தெரிந்த பிறகும் அந்த ஐந்து நிமிஷத்தை விட்டுக்கொடுக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அதை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்பாக இருக்கிறது.

பெரிய பட்டையைத்தான் சுற்றினாள். மெஷின் உறுமி அடங்கியது. எண்ணை எனக்குக் காட்டவில்லை. ஒரு நிமிஷம் விட்டு மறுபடியும் பார்த்தாள். அடுத்த கையில் பார்த்தாள். பிறகு சின்னப் பட்டையை மாற்றித் தன் கையில் சுற்றித் தனக்கே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். அது எதற்கென்று எனக்கு அப்போது புரியவில்லை. மெஷின் கெட்டுப்போய்விட்டதா என்று பார்த்திருக்கிறாள். கெடவில்லை.

கதவைத் திறந்து வெளியே போனவளை நான் நாற்காலியில் இருந்தபடியே பார்த்தேன். மாமியாரிடம் போய், "அம்மா, இவளுக்குப் பிரஷர் ரொம்பக் கூடி இருக்கு. மேல நூத்தி அறுபதுக்கு மேல, கீழ நூத்திப் பத்து. இப்பமே நாகர்கோவில் கொண்டு போகணும்" என்றாள்.

மாமியார் திகைத்துப் போய்ப் பெரியம்மையைப் பார்த்தார்.

"எம் பிள்ளே, நீ எதுக்கு இப்பம் கெடந்து பதறி வெப்ராளப்படுகே?" என்றார் பெரியம்மை. "இல போட்டாச்சு. நாலு வளையலப் போட்டு, ஒரு வாய் சோறும் தின்னுட்டு பைய போலாம். சுபகாரியத்த பாதியில நிறுத்தினா நல்லதா?"

"சோறு திங்க நேரமில்ல பெரியம்மா."

"வயித்துப்பிள்ளைக்காரிக்குக் கையும் காலும் வீங்கத்தான் செய்யும். அதெல்லாம் பெத்தவளுக்குத்தான் தெரியும்."

இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அண்ணனின் முகம் சிவந்து, அவன் ஏதோ சொல்ல முன்னால் வந்தான். மைனி அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குரல் உயரவும் இல்லை, உடையவும் இல்லை.

"எனக்குத் தெரியாதுதான் பெரியம்மா. அதனாலதான் தெரிஞ்ச டாக்டர்ட்ட கொண்டு போறேன்."

யாரோ என் வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு அவரிடம் கேட்டார்கள். அவர் அங்கேயிருந்து ஒன்றும் புரியாமல், "அம்மா என்ன சொல்லுகா?" என்று கேட்டாராம். இதற்கிடையில், ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து மைனியிடம் வந்தார். "கீழ எவ்வளவு சொன்னே?" என்று கேட்டார். நூற்றிப் பத்து என்றாள். அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் போய் ஏறி உட்கார்ந்துவிட்டார். தினமும் அந்த எண்களோடு உட்கார்ந்தவருக்குக் கீழே நூற்றிப் பத்து என்றால் என்னவென்று தெரிந்திருந்தது.

அதைப் பார்த்து மாமியார் செய்ததை நான் மறக்க மாட்டேன். அந்த வீட்டில் பெரியம்மை பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர், உள்ளே வந்து என் பையை எடுத்தார். ஆஸ்பத்திரி ஃபைலை அதில் வைத்து, மாற்றுத்துணி வைத்து, மைனியின் கையில் கொடுத்தார். "நீ கூட்டிட்டுப் போ மக்களே. இங்க உள்ளத நான் பாத்துக்கிடுகேன்" என்றார்.

அண்ணன் ஓட்ட, கார் தக்கலை வழியாகப் போனது. பின்சீட்டில் இடது பக்கமாகச் சரிந்து மைனியின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தேன். நான் மாதாமாதம் காட்டும் டாக்டருக்கு அவள் ஃபோன் செய்தாள். எத்தனை மாதம், எந்தக் கையில் என்ன அளவு, உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு பார்த்தது, இரண்டு தடவை பார்த்தது, தலைவலி, கண்ணில் பொறி, கை வீக்கம் என்று ஒரு சொல் மிச்சமில்லாமல், ஒரு சொல் கூடுதலில்லாமல் சொன்னாள். டாக்டர் மறுகேள்வி கேட்கவில்லை. தன் கிளினிக்குக்கு வர வேண்டாம், குறைமாதக் குழந்தையைப் பார்க்க வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள், நான் அங்கே சொல்லி வைக்கிறேன் என்றார். தக்கலை தாண்டியதும் எனக்கு நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒரு வலி தொடங்கியது. பார்வை மங்கி மங்கித் தெளிந்தது. மைனியின் கை என் நெற்றியில் இருந்தது. அது குளிர்ந்திருந்தது என்பது நினைவிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்காக ஸ்ட்ரெச்சர் காத்திருந்தது. அவர்கள் பார்த்தபோதும் ஏறக்குறைய அதே அளவு. சிறுநீரில் புரதம் இருந்தது. நரம்பில் ஒரு மருந்து ஏற்றினார்கள், உடம்பு முழுக்கத் தீயாகச் சுட்டது. கர்ப்பகாலத்தில் இப்படி இரத்த அழுத்தம் திடீரென்று ஏறுவது உண்டு, கவனிக்காமல் விட்டால் வலிப்பு வரும், தாய்க்கும் பிள்ளைக்கும் உயிராபத்து என்று அண்ணனிடம் விளக்கினார்கள். நான் விசேஷ வீட்டில் இலை முன் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அண்ணன் கேட்டதற்கு, "அதைப் பற்றி இப்ப பேச வேண்டாம். வந்துட்டீங்க இல்லையா" என்று மட்டும் சொன்னாராம் அங்கிருந்த டாக்டர். பிள்ளையின் நுரையீரல் உறுதிப்பட ஊசி போட்டு, அழுத்தத்தைக் கட்டுக்குள் வைத்துச் சில நாள் கடத்தினார்கள். அதற்கு மேல் கடத்த முடியவில்லை. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வயர்களுக்கு நடுவே, கோபித்துக்கொண்ட மாதிரி முகத்தைச் சுளித்தபடி கிடந்தாள்.

பெரியம்மை ஆஸ்பத்திரிக்கு வந்தார். நான் வார்டில் படுத்திருந்தேன். மைனி பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டு என்னோடு இருந்தாள். பெரியம்மை தூக்குவாளியில் கஞ்சியும் பயறும் கொண்டு வந்திருந்தார். எனக்கு ஊற்றித் தருவார் என்று பார்த்தேன். அவர் தம்ளரில் ஊற்றி மைனியிடம் நீட்டினார். "நீ குடி. நீ ஒண்ணும் தின்னிருக்க மாட்டே" என்றார். மன்னிப்பு என்று ஒரு சொல்லும் வரவில்லை. அவருக்கு அது வராது. மைனி வாங்கிக் குடித்தாள், இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லிக் கேட்டும் வாங்கினாள். இருவரும் குழந்தையின் எடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

பிள்ளை பிறந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நினைத்தேன். மைனி அப்படி நினைக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் சில வாரம் அழுத்தம் ஏறலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். நாகர்கோவில் வீட்டில் காலையும் மாலையும் அப்பாவுக்குப் பார்த்த பிறகு எனக்கு. மேஜைக்கு ஒரு பக்கம் அப்பா, மறுபக்கம் நான். பெட்டியிலிருந்து வீட்டுக்கு வந்த குழந்தை அழுதால்கூட, "அஞ்சு நிமிஷம் அழட்டும், ஒண்ணும் ஆகாது" என்று அண்ணனிடம் கொடுத்துவிடுவாள். மாத்திரை மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. அந்த மாதங்களில்தான் நானும் அவளும் அளவில்லாமல் பேச ஆரம்பித்தோம். பார்த்து முடித்து, பட்டையைக் கழற்றி மடித்து வைத்த பிறகுதான் பேச்சு. சமையலில் தொடங்கி எங்கெங்கோ போகும். குழந்தை இல்லாததைப் பற்றி அவளாக ஒருநாள் பேசினாள். இரண்டு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்ததாகவும், பிறகு போதும் என்று அவளும் அண்ணனும் சேர்ந்தே முடிவெடுத்ததாகவும் சொன்னாள். அதில் அழுகை இல்லை. வளைகாப்பன்று கேட்ட சொல்லைப் பற்றி நான் கேட்க நினைத்து, கேட்கவில்லை.

இப்போது என் மகள் ஆறாம் வகுப்பு. வயதுக்கு ஒரு பிடி உயரம் கூடுதல், பேச்சு அதைவிடக் கூடுதல். அப்பா போன வருஷம் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார், கடைசிவரை பிரஷர் கட்டுக்குள்தான் இருந்தது. கர்ப்பத்தில் இப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் இரத்த அழுத்தம் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். எனக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. வீட்டிலேயே பார்த்துவந்ததால் ஆரம்பத்திலேயே தெரிந்தது. ஒரு மாத்திரையோடு நிற்கிறது. பயம் என்று ஒன்றும் இல்லை. நானும் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொள்ளத் தேறிவிட்டேன். ஆனால் மைனி வருகிற நாட்களில் அவள்தான் பார்ப்பாள்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளும் அண்ணனும் வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எல்லாரும் முற்றத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். என் மகளுக்குத் தான் பிறந்த கதையைக் கேட்டுக் கேட்டு அலுக்காது. பந்தி நின்ற கதை, தாத்தா செருப்பைப் போட்டுக்கொண்டு காரில் ஏறிய கதை எல்லாம் அவளுக்கு மனப்பாடம். அன்று அவள் புதிதாக ஒன்று கேட்டாள்.

"அத்தை, அத்தன பேருக்கு முன்னால நீங்க பயப்படவே இல்லியா? சரியாத்தான் சொல்லுகோம்னு அவ்வளவு உறுதியா தெரியுமா?"

மைனி நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

"அளவு சரிதான்னு தெரியும். ஆனா பயந்தேன் மக்கா. கார்ல ஏறினதுல இருந்து ஒரே வேண்டுதல்தான். இந்த அளவு தப்பா இருக்கணும், எனக்குப் பாக்கத் தெரியாம இருந்திருக்கணும். ஆஸ்பத்திரில டாக்டர் என்னப் பாத்துச் சிரிச்சு, ஒண்ணும் இல்ல போங்கன்னு திருப்பி அனுப்பணும். விசேஷத்தக் கெடுத்தவ இவதான்னு அந்த வீட்டுல எல்லாரும் காலம் முழுக்க என்னச் சொல்லட்டும்னு வேண்டிட்டே வந்தேன். தக்கலை வரைக்கும்."

"தக்கலைக்கு அப்புறம்?"

"அப்புறம் உங்க அம்மைக்கு வலி வந்துட்டு. வேண்ட நேரமில்ல. உங்க மாமாட்ட வேகமா ஓட்டச் சொன்னேன்."

மகள் சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். மைனி தன் சேலையில் விழுந்திருந்த மாம்பூவைத் தட்டிவிட்டபடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் காரியத்திலும் சரியாக இருக்க வேண்டும் என்று வாழ்ந்த ஒருத்தி, வாழ்க்கையில் ஒரே ஒரு முறை தான் தப்பாகிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறாள். பழி தன்மேல் விழட்டும் என்று அவள் வேண்டிக்கொண்டு வந்த நேரம் முழுக்க, நான் அவள் மடியில்தான் தலைவைத்துப் படுத்திருந்தேன்.